பிறஷர் வால்வ் பூட்டுமுன்

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் பைப் தண்ணியைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள் கேட்கலாம். பகலில், "தண்ணி நூல்போல வருது." இரவு கழிந்து விடிந்ததும், "தாங்கிக்குள்ள மிதவை வால்வ் உடைஞ்சு தண்ணியெல்லாம் வளவுக்குள்ள போயிட்டுது." இரண்டும் ஒரே வீட்டிலிருந்துகூட வரும். இரண்டுக்கும் மருந்தென்று ஹாட்வெயார் கடையில் நீட்டப்படுவது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பித்தளைச் சாமான். பிறஷர் வால்வ் என்பார்கள்.

அந்தச் சாமான் ஒரேயொரு வேலைதான் செய்யும். கூடி வரும் அழுத்தத்தைக் குறைக்கும். குறைந்து வருவதைக் கூட்டாது. உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஒரு றப்பர்த் தகடும் இருக்கின்றன. வீட்டுப் பக்கத்து அழுத்தம் நாம் வைத்த அளவை எட்டியதும் தகடு தள்ளப்பட்டு வாய் மூடும். எங்காவது ஒரு பைப்பைத் திறந்தால் அழுத்தம் இறங்கி, வாய் மறுபடி திறக்கும். மின்சாரம் தேவையில்லை. ஆகவே பகல் முறைப்பாட்டுக்கு இதில் மருந்தில்லை. இரவு முறைப்பாட்டுக்கு இருக்கலாம், ஆனால் அளந்து பார்த்த பிறகுதான் அதைச் சொல்ல முடியும்.

இந்த ஊரில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த வால்வ் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். வேண்டிய சில வீடுகளும் பெரும்பாலும் பிழையான இடத்திலேயே பூட்டுகின்றன.

ஊரின் கிடையைப் பார்த்தால் காரணம் விளங்கும். தண்ணீர்க் குழாயில் 10 மீற்றர் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். பழைய மானிகளில் 14.5 பிஎஸ்ஐ. செட்டிபாளையம் கடலுக்கும் வாவிக்கும் இடையில் கிடக்கும் மணல் திட்டி. குருக்கள்மடத்திலிருந்து களுவாஞ்சிகுடி வரை சைக்கிளில் போனாலும் மூச்சு வாங்கும் ஏற்றம் ஒன்றுமில்லை. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நமக்குத் தரும் தண்ணீர், வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உன்னிச்சைக் குளத்திலிருந்து எடுக்கப்பட்டு, வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து நம் பக்கமான எழுவான்கரைக்கு வருகிறது. தட்டையான நிலத்தில் அழுத்தம் பிறப்பது இரண்டே வழியில்: நீர்த்தாங்கிக் கோபுரத்தின் உயரம், அல்லது பம்பியின் தள்ளுதல். 20 மீற்றர் உயரக் கோபுரம் ஒன்று தன் உயரத்தால் தரக்கூடியது, எல்லாரும் பைப்பை மூடியிருக்கும் நேரத்திலும், 2 பார்தான்.

நம் வாசலால் போகும் அதே ஏ4 வீதியில்தான் மலைநாட்டுப் பெரகலையும் இருக்கிறது. அந்த மலைப்பக்கங்களில் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் 50 மீற்றர் வித்தியாசம் வந்தால் கீழ்வீட்டுக் குழாயில் 5 பார் கூடுதலாக ஏறும். அங்கே இந்த வால்வ் இல்லாமல் காலம் தள்ள முடியாது. பதுளையிலோ பண்டாரவளையிலோ வீடு கட்டிய உறவினர் சொன்னாரென்று இங்கே வாங்கிப் பூட்டுவது வீண் செலவு.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

• அளந்து பாருங்கள். 0 முதல் 10 பார் வரை காட்டும் வட்ட மானி ஒன்று, அதோடு வளவுப் பைப்பின் வாயில் முறுக்கக்கூடிய ஒரு பொருத்தி, இவ்வளவுதான் தேவை. நீர்மானிக்குக் கிட்டவுள்ள பைப்பில் மாட்டி, வீட்டில் மற்ற எல்லாப் பைப்பையும் மூடி, தாங்கிக்குப் போகும் வழியையும் மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள். இது நிற்கும் அழுத்தம். பிறகு குளியலறைப் பைப்பைத் திறந்துவிட்டு மறுபடி பாருங்கள். இது ஓடும் அழுத்தம். இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இருந்தால் கோளாறு அழுத்தத்தில் இல்லை, அந்தப் பைப்புக்கு வரும் குழாயில் எங்கேயோ அடைப்பு அல்லது ஒடுக்கம்.

• இரவில் அளவுங்கள். ஊர் முழுக்கக் குளிக்கும் காலை 6 மணிக்கு அளந்துவிட்டு "பிறஷர் இல்லை" என்று முடிவு கட்டுவதில் பயனில்லை. எல்லாரும் உறங்கி, தாங்கிகள் நிறைந்த பிறகு, இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில்தான் குழாய் உச்ச அழுத்தத்துக்குப் போகும். விழித்திருக்க மனமில்லாதவர்களுக்கு இரண்டு முள்ளுள்ள மானி உண்டு. சிவப்பு முள் எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும், விடிந்ததும் பார்க்கலாம். மழைநாள் ஒன்றையும் சேர்த்து அளவுங்கள். தோட்டத்துக்கு யாரும் தண்ணீர் விடாத அந்த இரவில் முள் இன்னும் கொஞ்சம் ஏறும்.

• மானி கிடைக்கவில்லையா? ஒளி ஊடுருவும் நீளமான ஹோஸ் ஒன்றைப் பைப்பில் இறுக்கி மாட்டி, மறுமுனையைத் தாங்கி நிற்கும் தூணோடு அல்லது மாடிப்படியோடு மேலே கொண்டு போய்க் கட்டுங்கள். பைப்பைத் திறந்தால் தண்ணீர் ஹோஸுக்குள் ஏறி ஓர் உயரத்தில் நிற்கும். பைப் வாயிலிருந்து அந்த நீர்மட்டம் வரை 4 மீற்றர் என்றால் அழுத்தம் 0.4 பார். மேல்முனையால் வழிந்து ஊற்றினால் ஹோஸின் உயரத்தைவிட அழுத்தம் கூட என்று அர்த்தம். பகல் நேரக் குறைந்த அழுத்தத்தை அளக்க இதைவிட நேர்மையான கருவி இல்லை. தென்னையில் ஏறிக் கட்டத் தேவையில்லை.

• எண்ணை வைத்து முடிவெடுங்கள். நிற்கும் அழுத்தம் 3 பாருக்குக் கீழே இருந்தால் வால்வை மறந்துவிடுங்கள். 3 முதல் 4 வரை என்றால் முதலில் மிதவை வால்வை மாற்றிப் பாருங்கள். திரும்பத் திரும்ப 4 பாரைத் தாண்டினால் வால்வ் பூட்டுவது நியாயம். 5.5 பாரைத் தாண்டினால் கட்டாயம். அந்தக் கடைசி எண் அமெரிக்கக் கட்டட விதிகளில் உள்ள 80 பிஎஸ்ஐதான். அதற்கு மேல் போனால் அங்கே வீட்டுக்கு வால்வ் பூட்டியே ஆகவேண்டும். மறுபக்கம், இந்தியாவில் நகர நீர் வழங்கலுக்கான மத்திய அரசின் 1999 ஆம் ஆண்டுக் கைநூல் ஒரு மாடி வீட்டுக்குக் குழாயில் குறைந்தது 7 மீற்றர், இரு மாடிக்கு 12, மூன்று மாடிக்கு 17 மீற்றர் அழுத்தம் மிஞ்ச வேண்டும் என்றது. அதாவது 0.7 பாரிலேயே ஒரு சாதாரண வீடு நடக்கலாம். நம்மில் பலர் "பிறஷர் காணாது" என்று சொல்வது அதற்கு மேலுள்ள அளவைத்தான்.

• தண்ணீர் குறைவாக வந்தால் முதலில் நீர்மானிக்குப் பிறகுள்ள ஸ்டொப் வால்வ் முழுதாகத் திறந்திருக்கிறதா, பைப் வாயின் வலையில் மணல் நிற்கிறதா, இடையில் யாராவது குழாயை ஒடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். குழாயின் உள் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடும் தண்ணீர் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகிவிடும். வீதியிலிருந்து தூரத்தில் உள்ள வீட்டுக்கு 20 மில்லிமீற்றர்க் குழாயை இழுத்துவிட்டு, வழியில் பத்து எல்போவும் போட்டால், எந்தச் சபையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

வாங்குமுன் செய்யக்கூடாதவை

• மேல்தாங்கியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் குழாயில் இதைப் பூட்டாதீர்கள். இந்தப் பக்கத்தில் நடக்கும் பிழைகளில் முதலாவது இது. தாங்கியின் நீர்மட்டம் ஷவரின் தலையைவிட 2 மீற்றர் மேலே இருந்தால் கிடைப்பது 0.2 பார். இந்த வால்வுகள் பொதுவாக 1 பாரிலிருந்து மேலே வேலை செய்யும் விதமாகச் செய்யப்பட்டவை. 0.2 பாரில் அங்கே குறைப்பதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் போகும் வழியில் ஒரு தடையாக மட்டும் இருக்கும். பூட்டிய பிறகு ஷவர் முன்னையதைவிட மெலிந்து ஒழுகும். பிறகு வால்வில் கோளாறென்று கடைக்காரரோடு சண்டை. ஷவர் பலமாக வேண்டுமென்றால் தாங்கியை உயர்த்துங்கள், இறங்கும் குழாயை 32 மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள், அல்லது தாங்கிக்குப் பின்னால் சின்னதொரு பூஸ்டர் பம்பி வையுங்கள்.

• சபைக் குழாயில் நேரே மோட்டரை வைத்து இழுக்காதீர்கள். சபை இதை அனுமதிப்பதில்லை, காரணமும் உண்டு. மோட்டர் இழுக்கும்போது அந்தத் தெருக் குழாயின் அழுத்தம் சுழியத்துக்கும் கீழே போகலாம். அப்போது எங்கேயாவது கசியும் மூட்டுக்குள் தண்ணீர் வெளியே போவதற்குப் பதில், வெளியே மண்ணிலுள்ளது உள்ளே வரும். நம் மண்ணில் வெளியே என்ன இருக்கிறது? மாரியில் முழங்கையளவு தோண்டினாலே ஊறும் நிலத்தடி நீரும், மலக்குழிகளின் ஊற்றும்.

• பெயரில் ஏமாறாதீர்கள். அழுத்தக் குறைப்பு வால்வ் வேறு, அழுத்த விடுவிப்பு வால்வ் வேறு. இரண்டையும் "பிறஷர் வால்வ்" என்றே கேட்டு வாங்குகிறார்கள். விடுவிப்பு வால்வ் சுடுதண்ணி ஹீற்றருக்குரியது, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே கொட்டும். அதைக் குடிநீர்க் குழாயில் பூட்டினால் அது திறக்கும் இரவில் உங்கள் பில் வளவுக்குள் ஓடும்.

• "பெரிசு பலமானது" என்று ஒரு இஞ்சி வால்வை அரை இஞ்சிக் குழாய்க்கு வாங்காதீர்கள். பெரிய வால்வ் சின்ன ஓட்டத்தில் எப்போதும் மூடியும் மூடாத நிலையில் நிற்கும். அந்த மெல்லிய இடைவெளியால் தண்ணீர் பாய்ந்து இருக்கையை அரிக்கும், வால்வ் முணுமுணுக்கும். ஒரு குளியலறை, ஒரு குசினி, ஒரு வோஷிங் மெசின் உள்ள வீட்டுக்கு அரை இஞ்சியே போதும்.

• சொட்டு நீர்ப்பாசனத்துக்கு விற்கும் விலை குறைந்த பிளாஸ்டிக் வால்வைக் குடிநீருக்குப் பூட்டாதீர்கள். அதற்கென்று இடமுண்டு. களுதாவளைப் பக்கம் மிளகாயோ கத்தரியோ வைத்து, மோட்டரால் சொட்டுக் குழாய்க்குத் தண்ணீர் விடுபவர்களுக்கு 1 பாருக்குள் அடக்கித் தரும் அந்தச் சாமான் நல்லதுதான். மோட்டர் 3 பாரில் தள்ளினால் சொட்டு நாடா மூட்டுக்கு மூட்டுப் பிய்த்துக்கொண்டு போகும்.

கிணறும் பைப்பும் சேருமிடம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கொழும்பில் எழுதப்படும் எந்தக் கையேட்டிலும் இது இராது, இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும்.

2004 டிசம்பர் 26 கடல்கோள் இந்தக் கரையோரக் கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போனது. மணலுக்கடியில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஆடையாக மிதக்கிறது. அதற்கு மேலால் கடல் வந்து நின்றபோது ஆடை கிழிந்தது. சுத்தம் செய்கிறோமென்று மோட்டர் வைத்து இறைத்த இடங்களில் கீழிருந்த உப்பு இன்னும் மேலே வந்தது. பௌசரில் வந்த தண்ணீரை வாளியில் ஏந்திய காலம் அது. மாரிகள் வந்து கிணறுகள் மெல்லத் தேறின, குழாய் நீரும் வந்தது. ஆனாலும் கிணற்றை யாரும் மூடவில்லை. குடிக்கவும் சமைக்கவும் பைப், குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் பூக்கன்றுக்கும் கிணறு. இப்படி ஒரே வீட்டில் இரண்டு ஊற்று.

இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து, நடுவில் இரண்டு வால்வ் வைத்து, "இதைத் திறந்தா அதைப் பூட்டோணும்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகள் உண்டு. ஒருநாள் யாராவது மறப்பார்கள். கிணற்று மோட்டர் 2 அல்லது 3 பாரில் தள்ளும். பகலில் சபைக் குழாயில் அதைவிடக் குறைவாகவே நிற்கும். கூடியது குறைந்ததை நோக்கிப் போகும். கிணற்றுத் தண்ணீர் நீர்மானியைப் பின்னோக்கிக் கடந்து தெருக் குழாய்க்குள் போய், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பால்மாவில் கலக்கும்.

• அழுத்தக் குறைப்பு வால்வைத் திரும்பாவால்வென்று நம்பாதீர்கள். சில மாதிரிகளில் தண்ணீர் பின்னால் போக வழியே இருக்கிறது. மற்றவையும் அந்தப் பொறுப்புக்காகச் செய்யப்பட்டவையல்ல.

• இரண்டு தண்ணீரையும் குழாய்க்குள் சேர்க்காதீர்கள். இரண்டுக்கும் இரண்டு தாங்கி வைப்பது முறை. ஒரே தாங்கிதான் இருக்கிறதென்றால், இரண்டு குழாயும் தாங்கியின் மேல் விளிம்பால், நீர்மட்டத்துக்கு மேலே காற்றிடைவெளி விட்டு உள்ளே விழ வேண்டும். காற்றைத் தாண்டித் தண்ணீர் திரும்பிப் போகாது. இதைவிட நம்பகமான வால்வை எந்த நாட்டிலும் யாரும் செய்யவில்லை. ஆனால் அப்படிக் கலந்த தாங்கியின் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். குசினிக்கு ஒரு பைப்பைச் சபைக் குழாயிலிருந்து நேரே எடுங்கள்.

• நீர்மானிக்குப் பிறகு, அழுத்தக் குறைப்பு வால்வுக்கு முன்னால், திரும்பாவால்வ் ஒன்று பூட்டுங்கள். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி என்ற பழைய கணக்கைச் சின்ன வளவுகளில் எல்லாராலும் காப்பாற்ற முடிவதில்லை. அப்படிப்பட்ட கிணற்றுத் தண்ணீர் தெருக் குழாய்க்குள் போகக்கூடாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

பூட்டும்போது செய்ய வேண்டியவை

• நீர்மானிக்குப் பிறகு, உங்கள் பக்கத்தில் பூட்டுங்கள். நீர்மானியும் அதற்கு முன்னுள்ளதும் சபையின் சொத்து. அங்கே கை வைப்பது குற்றம், முத்திரை உடைந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

• வரிசை இப்படி: ஸ்டொப் வால்வ், வலையுள்ள வடிகட்டி, திரும்பாவால்வ், அழுத்தக் குறைப்பு வால்வ், மானி, இன்னொரு ஸ்டொப் வால்வ். வால்வுக்கு இரு பக்கமும் யூனியன் வையுங்கள். பிளம்பர் சலிப்பார், "எதுக்கு அண்ணே இவ்வளவு சாமான், நேரா ஒட்டினாப் போதும்" என்பார். அடுத்த வருடம் வால்வைக் கழற்றிக் கழுவ வரும்போது குழாயை அரிந்து எடுக்க வேண்டி வரும், அப்போது அவருக்கும் புரியும். வடிகட்டியில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இந்த வால்வுகள் பழுதாவதில் பெரும்பங்கு ஒரு மணல் துணிக்கை இருக்கையில் சிக்குவதால்தான்.

• பூட்டுமுன் குழாயைக் கழுவி விடுங்கள். குழாயை வாளால் அரிந்த இடத்தில் வெள்ளைத் துருவல் உள்ளே விழுந்திருக்கும். வெளியே சீவிய துருவலை எல்லாரும் துடைக்கிறார்கள், உள்ளே விழுந்ததை யாரும் பார்ப்பதில்லை. வால்வ் வரவேண்டிய இடத்தைத் திறந்தே விட்டு, ஒரு வாளியைக் கீழே வைத்து, ஸ்டொப் வால்வை ஒரே திருப்பில் முழுதாகத் திறவுங்கள். முதல் வாளியின் அடியில் பாருங்கள்: தேங்காய்த் துருவல் மாதிரிச் சுருண்ட பிளாஸ்டிக், ஒட்டும் பசையின் தோல், கொஞ்சம் மணல், சிலவேளை ஒரு த்ரெட் டேப் துண்டு. தெளிந்த வாளி வரும்வரை விடுங்கள். இந்த வாளியை நேரில் பார்க்காமல் பிளம்பரின் கூலியைக் கொடுக்காதீர்கள்.

• உடம்பில் பொறித்த அம்புக்குறி வீட்டை நோக்கி இருக்க வேண்டும். சொல்லத் தேவையில்லாதது போலத் தெரியும். இருட்டுகிற நேரத்தில் வேலை முடிக்கும்போதுதான் இது தலைகீழாகும்.

• பித்தளைக்கும் பிவிசிக்கும் சேரும் இடத்தில், பித்தளை உள்மரையும் பிவிசி வெளிமரையுமாக அமையப் பொருத்திகளை எடுங்கள். பிவிசியின் உள்மரைக்குள் பித்தளையை முறுக்கினால் அது ஆப்பு அடித்ததுபோல வெடிக்கும். அன்றைக்கு வெடிக்காது, அடுத்த மாதம் ஓர் இரவில் வெடிக்கும். த்ரெட் டேப்பை மரை முறுகும் திசையிலேயே சுற்றுங்கள். முதல் மரையை வெறுமையாக விட்டால் டேப் நுனி உள்ளே தொங்காது.

• குழாயின் வகையைப் பாருங்கள். இலங்கையில் பிவிசிக் குழாயில் 400, 600, 1000 என்று வகை அச்சடித்திருக்கும். அது கிலோபாஸ்கலில் தாங்கும் அழுத்தம், 1000 என்றால் 10 பார். சபைக் குழாயின் அழுத்தம் நேரே வரும் பகுதிக்கு 1000 வகையே எடுங்கள். கூரைத் தண்ணீருக்கு வாங்கி மிஞ்சிய மெல்லிய குழாயை அங்கே செருகிவிட்டு வால்வை நம்பாதீர்கள். வால்வ் தன் பின்னாலுள்ளதைத்தான் காக்கும்.

• நிலத்துக்கு மேலே, சுவரோடு, ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை நினைவிருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்கள். வெயில் படாமல் ஒரு சின்னத் தகர மூடி போடலாம்.

• உடம்பு பித்தளையில், மரைகளும் ஆணிகளும் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். வெளியே வர்ணம் பூசிய இரும்பு வால்வைக் கடற்காற்று இரண்டு மாரிக்குள் தின்றுவிடும்.

பூட்டும்போது செய்யக்கூடாதவை

• மண்ணுக்குள் புதைக்காதீர்கள். மேல்மூடியில் சின்னத் துளை இருக்கும் மாதிரிகளில், றப்பர்த் தகடு கிழிந்தால் அந்தத் துளையால்தான் தண்ணீர் கசிந்து செய்தி சொல்லும். மண்ணுக்குள் செய்தி யாருக்கும் எட்டாது. துளை அழகில்லை என்று சிலிக்கன் பூசி அடைப்பதும் இதே பிழை.

• வால்வின் உடம்பைப் பைப் ரெஞ்சால் பிடித்துத் திருகாதீர்கள். அறுகோண விளிம்பில் மட்டும் பிடியுங்கள்.

• ஒட்டிய மூட்டில் உடனே தண்ணீரைத் திறக்காதீர்கள். பசை டின்னில் உள்ள நேரத்தைப் பாருங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூட விடுங்கள்.

அளவு வைக்கும்போது

தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலான வால்வுகள் 3 பாருக்கு வைக்கப்பட்டிருக்கும். இங்கே 2 முதல் 2.5 பார் போதும். அதற்குக் கீழே இறக்கினால் பகல் நேரத்தில் உள்ள கொஞ்ச ஓட்டத்தையும் வால்வ் தின்னும், ஏனென்றால் தண்ணீர் ஓடும்போது வீட்டுப் பக்க அழுத்தம் வைத்த அளவிலிருந்து கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும்.

• பூட்டு நட்டைத் தளர்த்தி, ஆணியைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்புங்கள். வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் குறையும். ஒவ்வொரு முறையும் ஒரு பைப்பைத் திறந்து மூடிய பிறகே மானியைப் பாருங்கள். குறைக்கும்போது இது மிக அவசியம். அடைபட்டு நிற்கும் பழைய அழுத்தம் தானாக இறங்காது, "திருப்பியும் குறையுதில்லை" என்று ஆணியையே கழற்றிவிடுவார்கள்.

• அளவு வைத்த இரவில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, விடிய மானியைப் பாருங்கள். 2.5 இல் வைத்தது 4 ஆக ஏறியிருந்தால் இருக்கையில் குப்பை சிக்கியிருக்கிறது. கழற்றிக் கழுவுங்கள். ஹீற்றர் உள்ள வீட்டில் வேறொரு காரணமும் இருக்கலாம். திரும்பாவால்வ் பூட்டிய பிறகு, சூடாகி விரியும் தண்ணீர் தெருக்குப் பின்வாங்க வழியில்லை. 100 லீற்றர்த் தண்ணீரை 60 பாகை வரை சூடாக்கினால் ஒரு லீற்றருக்கு மேல் கூடும். தண்ணீரைச் சேமித்துச் சூடாக்கும் ஹீற்றர் சபைக் குழாயில் நேரே இருந்தால் விடுவிப்பு வால்வும் ஒரு சின்ன விரிவுத் தாங்கியும் கட்டாயம். தண்ணீர் ஓடும்போது மட்டும் சூடாக்கும் சின்ன ஹீற்றருக்கு இந்தத் தொல்லை இல்லை.

• குழாய் அடிக்கும் சத்தத்துக்கு இந்த வால்வையே நம்பாதீர்கள். நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரைப் பிவிசிக் குழாயில் சட்டென நிறுத்தினால் 4 அல்லது 5 பார் அளவுக்கு அடி எழும். வோஷிங் மெசின் தண்ணீரை மூடும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. குழாயைச் சுவரோடு கிளிப் போட்டு இறுக்குவதும் ஓட்டத்தைக் கொஞ்சம் குறைப்பதும் பாதி அடியைத் தீர்க்கும். மிதவை வால்வ் உடைவதற்குப் பழி பெரும்பாலும் இந்த அடிக்கே உரியது: தாங்கியில் அலை எழும்ப, பந்து ஏறி இறங்க, வாய் நொடிக்கு நொடி திறந்து மூடும். வாய் சிறியதாகச் செய்த உயர் அழுத்த மிதவை வால்வ் ஒன்றும், தண்ணீர் விழும் குழாயை நீர்மட்டத்திலிருந்து ஒதுக்கிவிடுவதும் அழுத்தக் குறைப்பு வால்வின் விலையில் சிறு பங்குக்கு முடியும்.

பிறகு

வருடத்துக்கொரு முறை, மாரி முடிந்த பிறகு, வடிகட்டியின் வலையைக் கழுவுங்கள். ஸ்டொப் வால்வுகளை ஒருமுறை மூடித் திறவுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அசையாது. நீர்த்தடைக்குப் பிறகு தண்ணீர் முதலில் கலங்கி வரும். அந்தக் கலங்கலை வால்வுக்கு முன்னாலுள்ள வளவுப் பைப்பால் வெளியே விட்டுவிட்டுப் பிறகு வீட்டுக்குத் திறவுங்கள்.

உங்கள் வீட்டில் மட்டுமல்ல, ஒழுங்கை முழுக்க இரவில் மிதவை வால்வ் உடைகிறதென்றால், ஆளுக்கொன்று வாங்குவது பிழையான வழி. ஒரு பகுதிக்கே அழுத்தத்தைக் குறைக்கும் பெரிய வால்வுகளைத் தெருக் குழாயில் வைப்பது நீர் வழங்கல் நிறுவனங்கள் உலகெங்கும் செய்யும் வேலை. அழுத்தம் குறைந்தால் மண்ணுக்கடியில் தெரியாமல் கசியும் தண்ணீரும் குறையும், அதனால் சபைக்கும் இதில் லாபமுண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் 1939 இலக்கத்துக்கு அழையுங்கள். "பிறஷர் கூட" என்று மட்டும் சொன்னால் ஒன்றும் நடக்காது. மூன்று வீட்டில், மூன்று இரவில், எந்த நேரத்தில் மானி எத்தனை பார் காட்டியது என்பதை பில்லில் உள்ள கணக்கு இலக்கங்களோடு எழுதிக் கொடுங்கள்.